ஔவையாரைக் காணோம்: பினாங்கு வாசக சாலையில் ஒரு புகார் நடந்த பாதை

"தம்பி, ஔவையாரக் காணோம். அலமாரில கண்ணு முன்னாடி ஏழு புத்தகம் நிக்குது. கம்ப்யூட்டர்ல போட்டா ஒண்ணுமே இல்லங்குது. பிள்ளைங்க பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்தாங்க, எனக்கு ஒரு மாதிரியா போச்சு. என்னன்னு கொஞ்சம் பாருங்களேன்."

தைப்பூசம் முடிந்த அடுத்த வாரம், இரவுச் சாப்பாட்டு நேரத்தில் என் கைப்பேசிக்கு வந்த குரல் செய்தி இது. அனுப்பியவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருக்கும் சிறிய தமிழ் வாசக சாலையை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். எங்களுக்கெல்லாம் அவர் டீச்சர். அங்கே ஓடும் நூற்பட்டியல் மென்பொருளை எழுதிப் பராமரிக்கும் மூவரில் நான் ஒருவன். உடனே மடிக்கணினியைத் திறந்து ‘ஔவை’ என்று தேடினேன். ஏழு நூல்களும் வரிசையாக வந்தன. திரையைப் படம் பிடித்து அனுப்பிவிட்டுக் கீழே எழுதினேன்: "டீச்சர், எனக்கு வருதே. சரியா டைப் பண்ணீங்களான்னு ஒரு தடவ பாருங்க."

"சரிப்பா" என்று ஒரே ஒரு சொல் வந்தது. பேச்சு அதோடு நின்றுபோனது.

அந்தப் புகாருக்குச் சரியான விடை கொடுக்க எங்களுக்கு 11 வாரம் பிடித்தது. கடைசியில் நிரலில் மாறியது சில வரிகள்தான். கட்டற்ற மென்பொருள் எழுதுகிறவர்கள் பயனர் சொல்வதை எப்படிக் கேட்கிறார்கள், எந்த இடத்தில் காது அடைத்துக்கொள்கிறது என்பதைக் காட்ட அந்த 11 வாரத்தை ஒரு நிகழ்வாக இங்கே எழுதிவைக்கிறேன். டீச்சரிடம் அனுமதி கேட்டேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

மூன்று பேரும் ஒரு பழைய கணினியும்

எங்களில் யாருக்கும் இது தொழில் இல்லை. நான் பாயான் லெப்பாசில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சோதனைப் பொறியாளர். இன்னொருவர் பட்டர்வொர்த்தில் கணக்காளர். மூன்றாமவர் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறார், இணையத்தளங்கள் செய்து கொடுப்பவர். இரவு பத்து மணிக்கு மேல் கிடைக்கும் நேரத்தில் இதை எழுதுகிறோம். உரிமம் கட்டற்றது: யாரும் எடுக்கலாம், மாற்றலாம், பகிரலாம். அதே உரிமத்தின் கடைசிப் பத்தியில் ‘எந்த உத்தரவாதமும் இல்லை’ என்றும் இருக்கிறது. சட்டப்படி டீச்சருக்கு நாங்கள் எதுவும் கடன்பட்டிருக்கவில்லை. அந்தப் பத்தியைப் பொறுப்பிலிருந்து நழுவும் கதவாகப் பயன்படுத்தக் கூடாது என்பது என் எண்ணம். இந்த நிகழ்வுக்குப் பிறகு அது இன்னும் உறுதியாகியிருக்கிறது.

நூலகங்களுக்கென்றே கோஹா என்ற பெரிய கட்டற்ற மென்பொருள் இருக்கிறதே என்று பலர் கேட்டிருக்கிறார்கள். நியூசிலாந்தின் ஹோரோஃபெனுவா நூலகங்களுக்காக எழுதப்பட்டு 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஓடத் தொடங்கியது அது. இன்று உலகம் முழுக்கப் பல நூலகங்களில் இருக்கிறது. ஆனால் அதற்குத் தனியாக ஒரு வழங்கிக் கணினியும் அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும். மாடி வாசக சாலையில் இருப்பதோ யாரோ நன்கொடையாகக் கொடுத்த ஒரே ஒரு பழைய கணினி. அதனால் சின்னதாக ஒன்றை எழுதினோம். அரசாங்க அலுவலகங்களுக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தை மலேசியா 2004இலேயே அறிவித்துவிட்டது. ஆனால் நன்கொடையில் நடக்கும் இந்த மாதிரி மாடி அறைகளுக்கு எந்தத் திட்டமும் படியேறி வருவதில்லை.

நூல் விவரங்களில் பெரும்பகுதியைக் கல்லூரி மாணவர்கள் சில விடுமுறை நாள்களில் உட்கார்ந்து தங்கள் கைப்பேசி வழியாகவே ஏற்றினார்கள். மீதியை டீச்சர் தன் கையால் ஏற்றினார். இது முக்கியம், பின்னால் வரும்.

‘எனக்கு வருதே’

மென்பொருள் உலகில் என் பதிலுக்கு அதிகாரப்பூர்வமான பெயரே உண்டு. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைத் தரும் மொசில்லாவில் பிறந்து 1998இல் பொதுவில் வந்த பக்சில்லா என்ற வழுப் பதிவேட்டில், அதாவது மென்பொருள் கோளாறுகளைப் பதியும் இடத்தில், ஒரு புகாரை மூடும்போது காரணம் குறிக்க வேண்டும். சரிசெய்தாயிற்று, முன்பே சொல்லப்பட்டது, செய்யப் போவதில்லை என்பவற்றோடு ‘வொர்க்ஸ்ஃபார்மீ’ என்பதும் அங்கே ஒரு காரணம். என்னிடம் ஒழுங்காக ஓடுகிறது என்று பொருள். சொன்னபடி செய்து பார்த்தும் கோளாறு வரவில்லை என்பதைப் பதிவுசெய்ய அப்படியொரு குறி தேவைதான், அதில் தவறில்லை. ஆனால் அதைச் சொல்வதற்கு முன் அவர் செய்ததையே செய்து பார்த்திருக்க வேண்டும். நான் செய்தது என் விரல், என் விசைப்பலகை, என் கணினி. டீச்சர் செய்தது எதையும் நான் செய்து பார்க்கவில்லை.

பகலில் நான் செய்யும் வேலையில் இப்படி ஒரு பதிலை எழுத முடியாது. வாடிக்கையாளர் ஒரு சில்லைத் திருப்பி அனுப்பினால் ‘எயிட்-டி’ அறிக்கை திறப்போம். எட்டுப் படிகள் கொண்ட முறை அது. மூன்றாவது படியில் பாதிப்பு பரவாமல் தடுக்க வேண்டும். நான்காவதில் மூல காரணம். ஏழாவதில் இது மறுபடி வராதபடி முறையையே மாற்ற வேண்டும். எட்டாவது படி, உழைத்தவர்களை அடையாளம் கண்டு நன்றி சொல்வது. திரும்பி வந்த சில்லு எங்கள் மேசையில் நன்றாக ஓடினால், வாடிக்கையாளரின் பலகை, மின்னழுத்தம், வெப்பநிலை எல்லாவற்றையும் கேட்டு வாங்கி, அவர் இடத்தில் ஓடாத அதே நிலையை இங்கே உருவாக்கிப் பார்ப்போம். பகலெல்லாம் இதைச் செய்துவிட்டு, இரவில் ஒரு தமிழாசிரியையிடம் எழுத்துப்பிழை இருக்கிறதா பாருங்கள் என்று எழுதியிருக்கிறேன். 30 ஆண்டுக்கு மேல் பிள்ளைகளின் எழுத்துப்பிழையைத் திருத்தியவர் அவர். அந்த வரி அவருக்கு எப்படிப் பட்டிருக்கும் என்பது அன்று என் மனதில் தட்டவே இல்லை.

அடுத்த 16 நாள் அவரிடமிருந்து எதுவும் வரவில்லை. பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

அதே நாள்களில் கோலாலம்பூரிலிருந்து இன்னொரு கோரிக்கை வந்தது. எங்கள் மென்பொருளைத் தன் வீட்டு நூல்களுக்குப் பயன்படுத்தும் ஓர் இளைஞர், நாங்கள் நிரலை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தில் எழுதியிருந்தார். எந்தப் பதிப்பு, எந்த உலாவி, என்ன செய்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது என்று எங்கள் படிவத்தின் எல்லாக் கட்டத்தையும் ஆங்கிலத்தில் நிரப்பியிருந்தார். இரவில் கண் கூசாத கருப்பு நிறத் திரை வேண்டும் என்பது கோரிக்கை. ஒரு மணி நேரத்துக்குள் நன்றி சொன்னோம், இரண்டு நாளில் செய்தும் கொடுத்தோம்.

பின்னால் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது மூவருக்குமே கஷ்டமாக இருந்தது. ஒன்று, நூலகத்தில் இருக்கும் புத்தகத்தை இல்லையென்று சொல்லும் கோளாறு. மற்றது நிறம். எங்கள் படிவத்துக்குள் அடங்கியதற்கு முதலில் ஓடினோம்.

படிவத்தின் மேல் பழி போட்டுவிட்டுப் போகவும் முடியாது. 2016 ஜனவரியில் கட்டற்ற திட்டங்களைப் பராமரிக்கும் ஏராளமானோர் சேர்ந்து கிட்ஹப்புக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். விவரமே இல்லாத புகார்களும், ‘எனக்கும் இதேதான்’ என்று வெறுமனே குவியும் பதில்களும் தங்களை மூச்சுத் திணற வைக்கின்றன, புகார் எழுதுகிறவருக்கு ஒரு படிவம் கொடுங்கள் என்று கேட்டார்கள். அடுத்த சில வாரங்களிலேயே படிவ வார்ப்புருவும், பதில் எழுதாமல் கட்டைவிரல் காட்டும் வசதியும் வந்தன. ஒரு நாளில் நூறு புகார் வரும் திட்டத்துக்கு அந்தப் படிவம் உயிர்காக்கும் கருவி. வாரத்துக்கு ஒன்று வரும் எங்களுக்கு அது தேவையே இல்லை. பெரியவர்கள் வைத்திருக்கிறார்களே என்று நாங்களும் வைத்தோம். எங்கள் முக்கியப் பயனருக்கு ஆங்கிலப் படிவமும் கிட்ஹப் கணக்கும் எட்டாத உயரத்தில் இருந்தன.

சனிக்கிழமை கண்டது

நான் வாசக சாலைக்குப் போனது வேறு காரியமாக. மழைச்சாரலில் நனைந்த மின்செருகியை மாற்றித் தர வேண்டும் என்று கீழே மாலைக்கடை வைத்திருக்கும் அண்ணன் அழைத்திருந்தார். மாடியேறினேன். விசைப்பலகையின் மேல் நீல அட்டை போட்ட பெரிய நோட்டு ஒன்று விரிந்திருந்தது. டீச்சரின் பழைய வரவுப் பதிவேடு. ஒரு சிறுமி வந்து புத்தகம் கேட்க, டீச்சர் நோட்டில் விரல் ஓட்டித் தேடி எடுத்துக் கொடுத்தார். கணினி அணைந்து கிடந்தது.

"தேடுறது இன்னும் வரலையா டீச்சர்?"

"உங்களுக்குத்தான் வருதே தம்பி. எனக்கு நோட்டு போதும்."

கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் அதிகமாக உறைத்தது. ஒரே ஒரு தடவை என் முன்னால் தேடிக் காட்டச் சொல்லிக் கேட்டேன். கணினியைப் போட்டார். தட்டச்சுப் பள்ளியில் பழகிய விரல்கள், வேகமாக ஓடின. முதலில் ‘ஒ’, அடுத்து ‘ள’, அடுத்து ‘வை’. திரையில் ஒளவை என்று தெளிவாகத் தெரிந்தது. கண்ணுக்கு ஒரு பிழையும் இல்லை. முடிவு: எதுவும் இல்லை.

காரணம் இதுதான். கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் முறை யூனிகோடு. அதில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ‘ஔ’ என்ற உயிரெழுத்துக்கு எண் 2964. அது ஒரே எழுத்து. ‘ஒ’ 2962, ‘ள’ 2995. மாணவர்களின் கைப்பேசி விசைப்பலகை 2964ஐப் போட்டது. டீச்சர் பழகிய தட்டச்சுப் பொறியில் ஔகாரத்துக்குத் தனி விசை கிடையாது. ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டினால் அதுதான் ஔ. காகிதத்தில் இரண்டும் ஒன்று. திரையிலும் அச்சு அசல் ஒன்று. கணினிக்கு மட்டும் அவை சம்பந்தமே இல்லாத இரண்டு சொற்கள். மாணவர்கள் ஏற்றிய ஔவையாரை டீச்சரின் விரலால் கண்டுபிடிக்கவே முடியாது.

‘சரியா டைப் பண்ணீங்களா’ என்று கேட்டேனே, அவர் சரியாகத்தான் தட்டியிருந்தார். அவர் தலைமுறையில் தமிழ் தட்டச்சு கற்ற எல்லோரும் தட்டுவது அப்படித்தான்.

அங்கேயே நின்று மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை, "கௌரியும் வரமாட்டேங்குது, அதையும் பாத்துருங்க" என்றார். அதுவும் இதே நோய்: கௌ ஒரு வகை, கெ-யோடு ள சேர்த்த கெள இன்னொரு வகை. 16 நாளுக்கு முன்பே, ‘எப்படித் தட்டினீர்கள், ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லுங்கள்’ என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அன்றிரவே விளங்கியிருக்கும்.

முதல் திருத்தம் செய்த கேடு

காரணம் தெரிந்த உற்சாகத்தில் அவசரப்பட்டோம். செந்தூல் நண்பர் அன்றிரவே ஒரு விதி எழுதினார். ‘ஒ’வுக்கோ ‘ெ’ குறிக்கோ பின்னால் ‘ள’ வந்து, அந்த ளகரத்துக்குப் புள்ளியோ வேறு குறியோ இல்லையென்றால், அது ஔகாரம்தான், திருத்திவிடு. ஒளி, தெளிவு, வெள்ளை போன்ற சொற்களை விதி தொடாது, ஏனென்றால் அங்கே ளகரத்தில் குறியோ புள்ளியோ இருக்கிறது. அகராதிச் சொற்களை வைத்துச் சோதித்தோம். எல்லாம் தேறியது. பழைய பதிவுகள் அனைத்திலும் விதியை ஓட்டிச் ‘சுத்தம்’ செய்தோம். ஔவையார் வந்தார், கௌரி வந்தாள். டீச்சர் நோட்டை மூடி வைத்தார்.

மூன்று வாரம் கழித்து, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற வாசகர் ஒருவர் டீச்சரின் கைப்பேசியிலிருந்து என்னை அழைத்தார். அவருக்குக் கோபம் பொங்கியது.

"தம்பி, ‘வெளக்கு’ன்னு இருந்த புத்தகம் ‘வௌக்கு’ன்னு நிக்குது. எழுதினவன் வச்ச பேர மாத்த உங்களுக்கு யாரு சொன்னா?"

கேள்வி நியாயமானது. பேச்சுத்தமிழில் தலைப்பு வைத்த கதைத் தொகுப்புகளும் தோட்டப்புறப் பாடல் திரட்டுகளும் அந்த அலமாரியில் ஏராளம். விளக்கு அங்கே வெளக்கு, விளையாட்டு அங்கே வெளயாட்டு. இந்தச் சொற்களில் ளகரம் குறியில்லாமல் நிற்கிறது, அது ளகரமேதான். எங்கள் விதி அவற்றையெல்லாம் பிடித்துத் திரித்துவிட்டது. அகராதியை வைத்துச் சோதித்தோம், அகராதியில் பேச்சு வழக்கு இல்லை. தோட்டத்துத் தமிழைச் சேர்த்து வைப்பதற்கென்றே பாடுபடும் ஓரிடத்தில், அந்தத் தமிழையே நாங்கள் ஏட்டுத் தமிழாக்கப் பார்த்திருக்கிறோம்.

லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தின் கருநிரலில் பல ஆண்டுகளாகக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் ஒரு விதி உண்டு: நேற்று வரை பயனரிடம் ஓடிக்கொண்டிருந்த நிரல் கருநிரலை மாற்றியதால் இன்று ஓடாமல் போனால், தவறு கருநிரலுடையது. பயனர் செய்தது முறையானதா என்ற விவாதம் பிறகுதான். திருத்தத்தைத் திரும்பப் பெறு, பிறகு பேசு. அதன்படி நடந்தோம். டீச்சர் ஒவ்வொரு சனிக்கிழமையும் மறக்காமல் பெண்ட்ரைவில் எடுத்துவைக்கும் நகல்தான் காப்பாற்றியது. பழைய தலைப்புகள் எழுத்துக்கு எழுத்து திரும்பி வந்தன. இடைப்பட்ட மூன்று வாரத்தில் ஏறிய நூல்களை மட்டும் பட்டர்வொர்த் நண்பர் உட்கார்ந்து கையால் ஒப்பிட்டுச் சேர்த்தார். ஔவையார் மறுபடி காணாமல் போனார். இந்தத் தடவை ஏன் என்று டீச்சருக்கு விளக்கிச் சொல்லிவிட்டுத்தான் செய்தோம். "சரி, அவசரமில்ல, ஒழுங்கா செய்யுங்க" என்றார்.

இரண்டாவது தீர்வை யோசிக்கும்போது கேள்வியே மாறியிருந்தது. எது சரியான எழுத்து என்று முடிவு செய்வது எங்கள் வேலை இல்லை. தேடுகிறவரும் ஏற்றியவரும் வேறு வேறு வழியில் தட்டியிருந்தாலும் இருவரும் சந்தித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். யூனிகோடிலேயே இதற்குப் பாதி வழி இருக்கிறது. ‘ஔ’ என்ற 2964ஐ முறைப்படி பிரித்தால் ‘ஒ’ (2962) என்பதும் ‘ௗ’ (3031) என்ற நீட்டல் குறியும் கிடைக்கும். ‘ௌ’ குறியைப் பிரித்தால் ‘ெ’யும் அதே 3031உம். அந்த நீட்டல் குறி பார்வைக்கு அப்படியே ளகரம். ஆகவே தேடுவதற்காக மென்பொருள் உள்ளே வைத்திருக்கும் தேடல் அட்டவணைக்குள் மட்டும் எல்லாச் சொற்களையும் பிரித்து, 3031ஐ 2995ஆக, அதாவது ளகரமாகவே எண்ணிக்கொள்கிறோம். தேடுகிறவர் தட்டுவதையும் அப்படியே பிரிக்கிறோம். இரண்டு ஔவையாரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். வெளக்கு வெளக்காகவே இருக்கிறது. திரையில் காட்டும் தலைப்பை யாரும் தொடுவதில்லை, அட்டையில் என்ன இருக்கிறதோ அது.

நிரலில் மாறிய சில வரிகள் இவைதான்.

பாதையை மாற்றியது

இனி வருவதுதான் எனக்கு முக்கியம். அந்த வரிகளை வேறு யாரும் எழுதியிருப்பார்கள்.

ஆங்கிலப் படிவத்தை எடுத்துவிட்டோம். தேடல் பெட்டிக்குக் கீழேயே ‘இது சரியில்லை’ என்று ஒரு பொத்தான் வைத்தோம். அழுத்தினால் தமிழில் மூன்று கேள்வி: என்ன தேடினீர்கள், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும். தட்டிய எழுத்துகளின் எண்களை மென்பொருளே எடுத்துக்கொள்கிறது. அவற்றைப் பயனரிடம் கேட்பதில் அர்த்தமில்லை. குரல் செய்தியும் ஏற்கிறோம். எங்களில் ஒருவர் அதைக் கேட்டு எழுத்தாக்கிப் பொதுப் பட்டியலில் ஏற்ற வேண்டும் என்பது விதி, வாட்ஸ்அப்பிலேயே பேசி முடித்துவிடக் கூடாது. லினக்ஸ் வகை இயங்குதளமான டெபியனை உருவாக்கும் திட்டம் 1997இல் ஏற்றுக்கொண்ட சமூக ஒப்பந்தத்தில், சிக்கல்களை மறைக்க மாட்டோம் என்று ஓர் உறுதி இருக்கிறது. அவர்களின் வழுப் பதிவேடு எல்லோர் கண்ணுக்கும் திறந்திருக்கிறது. டீச்சரின் புகார் அப்படித் திறந்த இடத்தில் இருந்திருந்தால், என்னுடைய ‘எனக்கு வருதே’ என்ற பதிலை மற்ற இருவரில் ஒருவராவது கேள்வி கேட்டிருப்பார்.

அடுத்து, புகார் சொல்லாதவர்களைக் கேட்க வழி தேடினோம். டீச்சர் ஒரு தடவை சொன்னார், பிறகு சொல்லவில்லை. வாய் திறக்காமலே போனவர்கள் எத்தனை பேரோ. விடை வராத தேடல்களை மட்டும் அந்தக் கணினியிலேயே ஒரு பட்டியலாகச் சேர்க்கிறோம். யார் தேடினார் என்பது அதில் இருக்காது. ஒருவர் என்ன படிக்கிறார் என்பது அவருடைய அந்தரங்கம், அதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பட்டியல் வெளியே எங்கும் போவதில்லை. மாதம் ஒருமுறை டீச்சர் அச்செடுத்துப் பார்ப்பார். சிவப்பு மையில் குறிப்பெழுதிப் படம் பிடித்து அனுப்புவார், பரீட்சைத் தாள் திருத்துவதைப் போல.

முதல் மாதமே எங்கள் கண் திறந்தது. ‘ஸ்ரீ’ என்று தொடங்கும் கோயில் வெளியீடுகள் பாதிப் பேருக்கு வருவதில்லை. ‘ஶ’ என்ற எழுத்து யூனிகோடில் 2005இல்தான் சேர்ந்தது. அதன் பிறகு ஸகரத்தில் தொடங்கும் ஸ்ரீ ஒன்று, ஶகரத்தில் தொடங்கும் ஶ்ரீ ஒன்று என்று இரண்டு புழக்கத்தில் இருக்கின்றன. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம். ஔவையாருக்கு ஏற்பட்ட அதே கதை. ஆசிரியர் பெயரில் முதலெழுத்துக்குப் பின் புள்ளி வைத்துத் தேடினால் வருகிறது, வைக்காவிட்டால் வருவதில்லை. தமிழ் முஸ்லிம் எழுத்தாளர்களின் பெயர்களில் ஃபகரம் ஒருவருக்கு ஃப, இன்னொருவருக்கு ப. எத்தனை மாதமாக இந்த வாசகர்கள் ‘இல்லை’ என்று படித்துவிட்டு மாடிப்படி இறங்கிப் போயிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

மூன்றாவதாகச் செய்ததைக் கோஹாவிடமிருந்து கற்றோம். அங்கே ஒரு திருத்தத்தை எழுதியவரே அது சரி என்று சொல்ல முடியாது. வேறொருவர் சோதித்துக் கையொப்பம் இட வேண்டும், அதன் பிறகு தர உறுதிக் குழு பார்க்கும், அதன் பிறகே வெளியீட்டுப் பொறுப்பாளரிடம் போகும். கையொப்பம் இடுகிறவருக்கு நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. உலாவியிலேயே திறக்கும் சோதனைக் களங்கள் இருப்பதால் நூலகர்களே வந்து பார்த்துச் சொல்ல முடியும். எங்கள் திட்டத்தில் இப்போது டீச்சரின் ஒப்புதல் இல்லாமல் தேடல் தொடர்பான எந்தத் திருத்தமும் வெளியாவதில்லை. பிழைகளின் மாதிரிச் சொற்களை அவரே தொகுக்கிறார். வெளக்கும் வெளயாட்டும் துறைமுக ஐயாவின் பங்களிப்பாக அதில் முதல் இரண்டு இடத்தில் இருக்கின்றன. லினக்ஸ் கருநிரலில் ஒவ்வொரு மாற்றத்தின் கீழும் கோளாற்றைக் கண்டு சொன்னவர், சோதித்தவர் யார் என்று தனித்தனி வரியில் குறிப்பார்கள். நாங்களும் குறிக்கத் தொடங்கினோம். எயிட்-டியின் எட்டாவது படி நினைவுக்கு வந்தது. பெயர் வேண்டாம் என்று டீச்சர் சொன்னதால் அவர் வரியில் ‘தமிழாசிரியை, பினாங்கு’ என்று இருக்கிறது.

கேட்டதெல்லாம் செய்வதா

இதைப் படித்துவிட்டு, பயனர் என்ன கேட்டாலும் உடனே செய்து கொடுக்க வேண்டும் என்கிறேன் என்று யாராவது எண்ணினால் அது என் கருத்து அன்று. அதே காலத்தில் நாங்கள் முடியாது என்று சொன்ன கோரிக்கை ஒன்றும் உண்டு. பிந்தித் திருப்பும் பிள்ளைகளுக்கு அபராதம் கணக்கிடும் வசதி வேண்டும் என்று வாசக சாலைக் குழுவில் ஒருவர் கேட்டார். டீச்சருக்கு அதில் உடன்பாடில்லை, எங்களுக்கும் இல்லை. ஏன் செய்யவில்லை என்பதை நான்கு வரியில் எழுதி, வேண்டுமென்றால் நீங்களே சேர்த்துக்கொள்ள உரிமம் இடம் தருகிறது என்றும் சொன்னோம். அவர் ஏற்றுக்கொண்டார். பதில் சொல்லாமல் இழுத்தடித்திருந்தால் வருத்தம்தான் மிஞ்சியிருக்கும்.

அவசரப்படுத்தும் குரல்களையும் சற்று நிதானமாகவே கேட்க வேண்டும். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற மென்பொருளின் கதை இதைப் பாடமாகச் சொல்கிறது. அதை ஒற்றை ஆளாகப் பல ஆண்டுகள் கவனித்துவந்தவரை, வேலை மெதுவாக நடக்கிறது, வேறு ஆளைச் சேர்த்துக்கொள் என்று 2022இல் சில கணக்குகள் நெருக்கின. அவை போலிகள் என்றே பின்னர் பரவலாகக் கருதப்பட்டது. உதவிக்கு வந்து படிப்படியாக நம்பிக்கை பெற்ற புதியவரின் கையால், 2024 தொடக்கத்தில் வெளியான 5.6.0, 5.6.1 பதிப்புகளில், அந்நியர் கணினிக்குள் ரகசியமாக நுழைய ஒரு பின்வாசல் நுழைந்தது. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை விநாடி கூடுதலாகப் பிடிப்பதைக் கவனித்து, துருவிப் பார்த்து, 2024 மார்ச் 29 அன்று ஊருக்கு அறிவித்தார். இந்தக் கதையில் பயனர் குரல் இரண்டு விதமாக இருக்கிறது. பராமரிப்பாளரை நெருக்கியது ஒன்று. அரை விநாடி ஏன் கூடியது என்று பொறுமையாகத் தேடியது இன்னொன்று. டீச்சரின் குரல் செய்தி இரண்டாவது வகை. எதையும் கோரவில்லை. கண்டதைச் சொல்லி, பாருங்களேன் என்றது.

க் விவகாரம்

ஒரு சிக்கல் இன்னும் திறந்தே இருக்கிறது. அலமாரியில் ‘தமிழ்ப் பாடநூல்’ இருக்கிறது, தேடுகிறவர் ‘தமிழ் பாடநூல்’ என்று ஒற்றில்லாமல் தட்டுகிறார். வருவதில்லை. தமிழ்ச் சொல் எதுவும் வல்லின மெய்யில் முடிவதில்லை. ஆகவே சொல்லின் கடைசியில் க், ச், த், ப் நின்று, அடுத்த சொல் அதே எழுத்தில் தொடங்கினால், அது சந்தி ஒற்று. தேடல் அட்டவணையில் விட்டுவிடலாம். அழகான விதி என்று மூவரும் மகிழ்ந்தோம். முன்பானால் அன்றிரவே ஏற்றியிருப்போம். இந்தத் தடவை டீச்சருக்கு அனுப்பினோம்.

அவர் பதில் மறுநாள் காலையில் குரல் செய்தியாக வந்தது.

"தம்பி, தெலுக் கும்பார்ல இருக்கிற க் சந்தியா? அது ஊர் பேரு. தீவோட தெக்குப் பக்கத்துப் பிள்ளைங்க எழுதின கட்டுரைத் தொகுப்பு ஒண்ணு இருக்கு, அந்தப் பேர்லதான் தேடுவாங்க. வெறும் தெலுக்குன்னு போட்டா அப்ப அது வராம போயிடுமே."

போய்விடும். சோதித்துப் பார்த்தோம், அவர் சொன்னபடியே போனது. மலாய் ஊர்ப்பெயர்கள் எங்கள் தமிழுக்குள் இப்படி வல்லினத்தில் முடிந்துகொண்டே வரும், விதி அதை அறியாது. ஒற்று உள்ள வடிவம், இல்லாத வடிவம் இரண்டையும் அட்டவணையில் வைக்கலாம் என்று செந்தூல் நண்பர் ஒரு வரைவு எழுதியிருக்கிறார். அதை டீச்சருக்கு அனுப்பியிருக்கிறோம். நேற்றிரவு அவரிடமிருந்து வந்தது இது:

"கைய வைக்காதீங்க, கொஞ்சம் பொறுங்க. பட்டியல் போட்டுக்கிட்டு இருக்கேன், ஊர் பேர் இன்னும் சேக்கணும்."